குழந்தைகளுக்கு வேலை தேடி மலையேறிய ஐந்து நாள்

முதல் நாள்: மேட்டுப்பாளையம் – குன்னூர்

வண்டி காலை 7.10-க்கு. ஆறு மணிக்கே ஸ்டேஷனில் நின்றோம். நான், அக்கா மகள் (ஏழு வயசு, வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பாதான்), எங்களுக்கு மரவேலை செய்துதரும் ஆசாரி அண்ணன். அண்ணனுக்கு அறுபது ஆகப்போகிறது, பிறந்ததிலிருந்து கோயம்புத்தூரில்தான் இருக்கிறார், ஆனால் மலை ரயிலில் ஏறியதே இல்லையாம். "அதுக்கெல்லாம் ஏதும்மா நேரம்" என்றார். சட்டைப் பையில் ஒரு ஸ்டீல் டேப், காதில் பென்சில், கையில் ஒரு துணிப்பை. அவ்வளவுதான் அவருடைய லக்கேஜ்.

எதற்கு இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். கோவையில் ஒரு பழைய பஞ்சு குடோனைக் குழந்தைகள் மியூசியமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். மூன்று வயசிலிருந்து எட்டு வயசு வரைக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றும் வைக்கப் போவதில்லை. பிள்ளைகள் உள்ளே வந்து கடைக்காரராக, டிரைவராக, டாக்டராக மாறி விளையாட வேண்டும். நாமெல்லாம் திண்ணையில் சொப்பு சாமான் பரப்பி, கயிற்றுக்குள் நாலு பேர் புகுந்துகொண்டு பஸ் ஓட்டினோமே, அதேதான், கொஞ்சம் பெரிய அளவில், கூரைக்குக் கீழே. அதில் ஒரு கூடம் முழுக்க "மலை". மலையில் என்னென்ன வேலை நடக்கிறது, அதில் எதை ஒரு ஐந்து வயசுப் பிள்ளை கையில் கொடுக்கலாம் என்று பார்க்கத்தான் கிளம்பினோம்.

இன்னொரு காரணமும் உண்டு, சொல்லக் கொஞ்சம் வெட்கம். போன வருஷம் வேறொரு ஊரில் இதே மாதிரி ஓர் இடத்துக்கு நான் ஒரு மளிகைக் கடை செய்துகொடுத்தேன். அலமாரி, கல்லாப்பெட்டி, குட்டிக் கூடைகள், மரத் தக்காளி, மர முட்டை, எல்லாம் பார்க்க அவ்வளவு அழகு. திறந்த அன்றைக்கு இருபது நிமிஷத்தில் கடையில் ஒரு சாமான் இல்லை. வந்த பிள்ளைகள் எல்லாம் கூடையை நிரப்பிக்கொண்டு போய்விட்டன, கொண்டுபோய்க் கொட்ட இடம் இல்லாததால் மூலைக்கு மூலை தக்காளிக் குவியல். அங்கே வேலைக்கு இருந்த இரண்டு பெண்களும் நாள் முழுக்கக் குனிந்து பொறுக்கி அடுக்கியதோடு சரி. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு பையன் மட்டும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான், அவனிடம் யாரும் வரவே இல்லை. நிரப்புகிற வேலையை அத்தனை ஆசையாகக் கொடுத்த நான், விற்கிற வேலையை வெறும் நாற்காலியாகத்தான் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, ரயிலுக்கு வருவோம். கல்லாறு தாண்டியதும் சத்தம் மாறிவிடுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டை ஓடுகிறது, இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. 12 அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம், சும்மா உருண்டு ஏற முடியாது. தண்ணீர் பிடிக்க நிறுத்திய இடத்தில் இறங்கிப் பார்த்தோம். பட்டை ஒன்று இல்லை, இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்துக்கு நேராக மற்றதில் பள்ளம். ஆசாரி அண்ணன் குத்த வைத்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு விடறப்ப இன்னொண்ணு புடிச்சிருக்கும்" என்று சொல்லி எழுந்தார். அவர் பாராட்டு எப்போதும் அந்த அளவுதான்.

பாப்பாவுக்குப் பல்லெல்லாம் பிடிக்கவில்லை. "இன்ஜின் எங்க சித்தி?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், ஏனென்றால் எங்கள் பெட்டிக்கு முன்னால் இன்ஜினைக் காணோம். மேலே ஏறும்போது இந்த ரயிலில் இன்ஜின் பின்னால் நின்று தள்ளும். அப்படியானால் டிரைவர் வழியை எப்படிப் பார்ப்பார்? பார்க்க மாட்டார். ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துப் பச்சை காட்டினால் அடுத்தவர் அதைப் பார்த்துத் தன் கொடியைக் காட்டுவார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர், இப்படியே கடைசியில் இன்ஜினுக்குப் போய்ச் சேரும். இது படித்துத் தெரிந்த விஷயம்தான் எனக்கு, ஆனால் வளைவில் வண்டி திரும்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நாலு கைகளில் நாலு பச்சைத் துணி ஒன்றன்பின் ஒன்றாக எழுவதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஏனென்றால் நான் தேடி வந்ததே அதுதான். தனியாகச் செய்ய முடியாத ஒரு வேலை. ஐந்து பிள்ளைகள் வரிசையாக, ஒவ்வொருவருக்கும் தனக்கு முன்னால் நிற்பவரின் கை மட்டும் தெரிகிற மாதிரி தடுப்பு. முதல் பிள்ளைக்கு முன்னால் ஒரு சுழல் படம்: பாதை, பாதை, பாதை, திடீரென்று ஒரு மாடு. சிவப்புக் கொடி. கடைசிப் பிள்ளை பிரேக் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இங்கே எந்த நாற்காலியும் கல்லாப்பெட்டிப் பையனின் நாற்காலி ஆகாது. குன்னூர் வருவதற்குள் டிக்கெட்டின் பின்பக்கம் முழுக்க வரைந்துவிட்டேன்.

ஒரு சின்னத் தகவல், சும்மா சொல்லி வைக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இந்தப் பாதை திறந்தது 1899-இல். உலகத்தின் முதல் குழந்தைகள் மியூசியம் என்று எல்லாரும் சொல்லும் அமெரிக்காவின் புரூக்ளின் குழந்தைகள் மியூசியம் திறந்ததும் அதே 1899-இல். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, எனக்குத்தான் சந்தோஷம்.

இரண்டாம் நாள்: குன்னூர், தேயிலை

தோழி வீட்டில் தங்கியிருக்கிறோம். அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை, வீட்டுக்குப் பின்னால் சரிவில் இறங்குகிறது. ராத்திரி மழை, காலையில் செடி எல்லாம் சொட்டச் சொட்ட நின்றது.

கொழுந்து பறிக்க வரும் அக்கா பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு இலை, ஒரு மொட்டு. பாப்பா பிடித்து இழுத்தாள், காம்போடு பிய்ந்து வந்தது. "இழுக்கக் கூடாது சாமி, மடக்கணும்" என்று அக்கா கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாகச் சாய்த்தார், 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் முக்கியம். கை அடுத்த கொழுந்துக்குப் போகும்போது பறித்தது உள்ளங்கைக்குள் நகர்ந்துவிடுகிறது, கை நிறைந்ததும் பார்க்காமலே தோளுக்கு மேல் பின்னால் எறிகிறார், சாக்கில் போய் விழுகிறது. பாப்பாவும் பார்க்காமலே எறிந்தாள், ஆசாரி அண்ணன் தலையில் விழுந்தது. ஆள் கிடைக்காத நாளில் கையால் பறிக்க நேரம் ஏது, கத்திரி போட்டு வெட்டிவிடுவோம் என்றார் அக்கா. பை வைத்த பெரிய கத்திரி, அதுவும் திண்ணையில் கிடந்தது.

கவாத்து செய்து செய்து செடியின் தலை மேசை மாதிரி தட்டையாக இருக்கிறது. ஆசாரி அண்ணன் அளந்தார், அப்புறம் பாப்பாவைச் செருப்பைக் கழற்றச் சொல்லி நிற்க வைத்து அவள் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் அளந்தார். 70 சென்டிமீட்டர். மூன்று, நாலு வயசுப் பிள்ளைக்கு இன்னும் ஒரு சாண் குறைவு. அதனால் எங்கள் செடி 50-லும் 60-லும் இரண்டு மட்டமாக இருக்கும், மலைச்சரிவுதானே, யாருக்கும் விநோதமாகத் தெரியாது. பெரியவர்கள் குனிய வேண்டியிருக்கும். குனியட்டும்.

இலையை எப்படி ஒட்டுவது என்பதுதான் மதியம் வரை சண்டை. காந்தம் என்றேன், உடனே நானே வேண்டாம் என்றேன். குட்டிக் காந்தம் கழன்று ஒரு பிள்ளை இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பெரிய ஆபத்தாகிவிடும். ஆசாரி அண்ணன் மரத்தில் கீறல் போட்டுத் தடித்த துணி இலையைச் செருகிக் காட்டினார். மடக்கினால் வருகிறது, இழுத்தால் வரவில்லை. 'டக்' சத்தம் மட்டும் பாக்கி. யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

சாயந்திரம் இலை எடுக்கும் பிக்கப் வந்தது. கொக்கியில் சாக்கைத் தொங்கவிட்டு எடை. 42 கிலோ. "மழை இலை" என்று சொல்லி மூன்று கிலோ ஈரக் கழிவு. தோழியின் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சொல்லிப் பழகி அலுத்துப்போன முகம். நாலு, நாலரை கிலோ பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள் வரும். அதில் மூன்று கிலோ போனால் போகட்டும் என்று விட முடியுமா, ஆனால் விடுகிறார்கள்.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று கொழுந்து பறிக்கும் அக்காவிடம் ஆசையாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "எம்புள்ள இந்த வேலைக்கு வரக் கூடாதுன்னு நான் படிக்க வெக்கறேன். நீங்க டிக்கெட் போட்டு விளையாட வெக்கப் போறீங்க."

கோபமாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனாலும் எனக்கு ராத்திரி சாப்பாடு சரியாக இறங்கவில்லை. வேலையை அழகாக மட்டும் காட்டினால் அது பொய். அட்டை கடித்த காலும் ஈரக் கழிவும் இல்லாத தேயிலைத் தோட்டம் காலண்டரில்தான் இருக்கிறது. கடைசியில் ஒரு முடிவு: எங்கள் தோட்டத்தில் தராசு இரண்டு இருக்கும். ஒன்று இலை வாங்குகிறவரிடம், ஒன்று பறிக்கிறவர் பக்கம். வாங்குகிறவர் தராசு கொஞ்சம் குறைத்துக் காட்டும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிப்பார்களா, கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள், அதை நான் எழுதி வைக்கப் போவதில்லை. மியூசியம் நடத்துகிறவர்கள் இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும், அது தனிச் சண்டை.

தொழிற்சாலையும் போய்ப் பார்த்தோம். வாட்டுகிற தொட்டி, நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் உருளை, புளிக்க வைத்தல், உலர்த்துதல், சலித்தல். வாசனை அபாரம். ஆனால் பிள்ளைகள் கைக்கு அங்கே ஒன்றும் இல்லை, எல்லாம் இயந்திரம் செய்கிறது, மனிதர்கள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பதற்கு மியூசியம் எதற்கு.

தூங்கும் முன் பாப்பா கேட்டாள்: "சித்தி, எல்லாரும் இலையைப் பறிச்சிட்டா, திரும்ப யாரு ஒட்டுவா?" மளிகைக் கடையில் நான் கேட்கத் தவறிய கேள்வி. வெளியே மழை பிடித்துக்கொண்டது. "மழைதான்" என்றேன் தூக்கக் கலக்கத்தில். அப்புறம் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மழை ஒரு வேஷம்! நீலக் கோட்டுப் போட்ட ஒருவர், பறித்த இலையைத் திரும்பச் செடியில் செருகுகிறவர். பாப்பா உடனே, "நான்தான் மழை. வேற யாரும் கூடாது."

மூன்றாம் நாள்: கேத்தி பாலாடா, கேரட்

இருட்டோடு கிளம்பினோம். தோழியின் தம்பி ஜீப்பில் கூட்டிப்போனார். பாலாடா என்பது பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் படிப்படியாகக் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு. பள்ளத்தில் லைட் எரிகிற இடமெல்லாம் கேரட் கழுவுகிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டு மணி நேரம் நகரவே இல்லை. பெரிய இரும்பு உருளை, சட்டம் சட்டமாக இடைவெளி விட்டது, படுக்கை வாட்டில் சுழல்கிறது. ஒரு பக்கம் மண்ணோடு கேரட் மூட்டையைக் கொட்டுகிறார்கள். உள்ளே தண்ணீர் பீய்ச்சுகிறது. கடகடவென்று உருண்டு ஒன்றோடொன்று உரசி, செம்மண் தண்ணீர் கீழே வாய்க்காலாக ஓடுகிறது. திறப்பைத் திறந்தால் ஆரஞ்சு நிறம் குபுகுபுவென்று கொட்டுகிறது. அந்த இருட்டில், அந்தக் குளிரில், டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த நிறத்தைப் பார்க்க வேண்டுமே. பாப்பா வாயைத் திறந்தவள் மூடவில்லை. அதைத் தரம் பிரிக்க மூன்று பெண்கள், பெரிசு ஒரு பக்கம், சிறிசு ஒரு பக்கம், உடைந்தது காலடியில். அப்புறம் சாக்கு, எடை, கோணி ஊசியால் நாலே இழுப்பில் வாய் தைத்தல், லாரி. லாரி மேட்டுப்பாளையம் மண்டிக்கு.

எண்ணிப் பார்த்தேன். பிடுங்குகிறவர், கொட்டுகிறவர், கழுவுகிறவர், பிரிக்கிறவர், எடை போடுகிறவர், தைக்கிறவர், ஏற்றுகிறவர், ஓட்டுகிறவர், மண்டியில் ஏலம் கூவுகிறவர். ஒருவர் முடிக்கிற இடத்தில் அடுத்தவர் ஆரம்பிக்கிறார். கழுவுகிறவர் நிறுத்தினால் லாரி டிரைவர் பீடி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான், நின்றுகொண்டும் இருந்தார்.

மளிகைக் கடையில் சாமான் ஒரே திசையில் போனது, அதுதான் தப்பு. இங்கேயும் லாரி மண்டிக்குப் போனதோடு நின்றால் அதே கதைதான். மண்டியைத் தோட்டத்துக்கு முதுகோடு முதுகாக வைத்துவிட்டால்? மண்டியில் விற்ற கேரட் பின்பக்க ஜன்னல் வழியாக விழுகிற இடம் தோட்டக்காரரின் விதைப்பெட்டி. தோட்டக்காரர் அதை எடுத்து மறுபடி நடுவார். பொறுக்கி அடுக்க ஆள் வேண்டாம், பிள்ளைகளே நாள் முழுக்கச் சுற்றிவிடுவார்கள், சுற்றுகிறோம் என்பதே தெரியாமல்.

மண்? தண்ணீரும் சேறும் குடோனுக்குள் முடியாது. கேரட் மேல் மண்ணை எப்படிக் காட்டுவது, கழுவினால் எப்படிப் போக வைப்பது, திரும்ப எப்படி ஒட்டுவது. டீக்கடையில் மூவரும் இதையே பேசினோம். வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டே ஆசாரி அண்ணன் பாப்பாவின் காலைப் பார்த்தார். பிரவுன் கலர் சாக்ஸ். "கழட்டு கண்ணு" என்றார். பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு கேரட்டை வாங்கி அதற்குச் சாக்ஸ் போட்டுவிட்டார். அச்சு அசல் மண் அப்பிய கேரட். உருளைக்குள் கையைவிட்டு உருவினால் கழுவியாயிற்று. உருவிய சாக்ஸ் கீழே சரிவு வழியாகத் தோட்டத்துக்கே போகும், வாய்க்கால் தண்ணீர் போகிற மாதிரி. நடுகிறவர் திரும்ப மாட்டிவிட்டுக் குழியில் செருக வேண்டும். டீக்கடைக்காரர், "காலையிலேயே என்ன சார் இது" என்று கேட்டார்.

சாக்ஸ் மாட்டுவது நாலு வயசுப் பிள்ளைக்குக் கஷ்டமான வேலை என்று யாராவது சொல்லலாம். கஷ்டம்தான். அதனால்தான் கொடுக்கிறேன், வீட்டில் அம்மா அவசரத்தில் மாட்டிவிடுகிறாள், இங்கே யாருக்கும் அவசரம் இல்லை.

தராசு பிளாஸ்டிக்கா இரும்பா என்று திரும்பி வரும்போது பேச்சு வந்தது. நான் இரும்பு கட்சி. குழந்தைகள் கல்விக்குப் பேர்போன மரியா மாண்டிசோரி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொஞ்ச வருஷம் நம் கொடைக்கானலில் இருந்தவர். அந்த அம்மா பிள்ளைகள் கையில் உடையக்கூடிய கண்ணாடி டம்ளரையே கொடுத்தார், உடையும் என்று தெரிந்தால்தான் கை பதமாகப் பிடிக்கும் என்று. நான் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் தட்டு இறங்கும்போது கனம் தெரிய வேண்டும். மரக் கேரட் 32 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்க வேண்டும் என்றும் அண்ணனிடம் சொல்லி வைத்தேன், அதற்குக் குறைந்தால் சின்னப் பிள்ளைகள் தொண்டையில் சிக்கும்.

நாலாம் நாள்: முத்தோரை, ஊட்டி

நாள் முழுக்க மழை. ரொம்ப எழுத ஒன்றும் இல்லை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கியைச் சாலையிலிருந்து பார்த்தோம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-இல் வேலைக்கு வந்தது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டியது. அதை ஏன் இந்தச் சரிவில் கட்டினார்கள் என்பதுதான் அழகு. ஊட்டி பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 11 டிகிரி வடக்கே இருக்கிறது, சரிவும் சுமார் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்துவிடுகிறது, ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே போனால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். மலையையே தாங்கு சட்டமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆசாரி அண்ணன் மழையில் நனைந்துகொண்டே பார்த்தார். "இது ஆசாரி வேலை" என்றார். ஒருவர் திருப்ப, இன்னொருவர் குழாயில் காதை வைத்துக் கேட்டு "இன்னும் கொஞ்சம், ஆங், நிறுத்து" என்று சொல்கிற மாதிரி இரண்டு பேர் விளையாட்டு ஒன்று வரும் போலிருக்கிறது. பிறகு பார்ப்போம்.

பக்கத்திலேயே முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு மக்களின் பொருள்களும் அங்கே உண்டு. இங்கே வந்ததற்குக் காரணம், எங்கள் மியூசியத்துக்குப் பணம் போடுகிறவர்களில் ஒருவர், "ஒரு தோடர் குடிசை போட்டு, அந்த டிரஸ்ஸை மாட்டி போட்டோ எடுக்கிற மாதிரி வெச்சா கூட்டம் வரும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்தல், ஆனால் ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஊட்டியில் தோடர் பூவேலைத் துணி விற்கும் கடையில் ஒரு பெரியம்மா உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணி, சிவப்பு, கறுப்பு நூல். துணியில் ஒரு கோடுகூட வரைந்திருக்கவில்லை. ஊசியை விடும் முன் இழையை எண்ணுகிறார், உதடு அசைகிறது, அவ்வளவுதான் அளவு. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை இது. பாப்பாவும் உட்கார்ந்து கூடவே எண்ணினாள், ஏழில் தொலைத்துவிட்டாள், மறுபடி ஒன்றிலிருந்து. குடிசை விஷயத்தை நான் மெதுவாக எடுத்தேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை. "இதைத்தான் பெரியவங்க போனாலும் போர்த்தி அனுப்புவோம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குப் போதுமாக இருந்தது.

லாரி டிரைவர் வேலையைப் பிள்ளை விளையாடினால், விளையாட்டு முடிந்ததும் இறங்கிவிடலாம், நிஜ லாரி டிரைவரும் வீட்டுக்குப் போனால் டிரைவர் இல்லை. தோடராக இருப்பது அப்படி ஐந்து மணிக்கு முடிகிற வேலையா? குடிசை கிடையாது என்று அங்கிருந்தே போன் செய்து சொல்லிவிட்டேன். எண்ணித் தைக்கிறதை வேண்டுமானால், அவர்களே வந்து சொல்லிக்கொடுப்பதாக இருந்தால், பெரிய கண்ணுள்ள துணியில் வைக்கலாம் என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை, அப்புறம் "வந்து பேசலாம்" என்றார்.

திபெத்தியர் மார்க்கெட்டில் பிரவுன் கலரில் குழந்தைகள் சாக்ஸ் 20 ஜோடி வாங்கினோம். எத்தனை குழந்தைங்க உங்களுக்கு என்று கடைக்கார அம்மா கேட்டார்.

ஐந்தாம் நாள்: அட்டைப்பெட்டியும் நிஜக் கேரட்டும்

கிளம்பும் முன் ஒரு ஒத்திகை. தோழி வீட்டு முற்றத்தில் பழக்கடை அட்டைப்பெட்டிகளை வைத்து ஆசாரி அண்ணன் எல்லாவற்றையும் அவசரமாகக் கட்டினார். வாழைப்பழப் பெட்டி தோட்டம், அடி வெட்டிய டிரம் கழுவும் இயந்திரம், சைக்கிள் டியூப் கட்டிய பெட்டி லாரி, ஜன்னல் திட்டு மண்டி. 40 நிஜக் கேரட்டுக்கு 40 சாக்ஸ். பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகள் பதினோரு பேர் வந்தார்கள், எல்லாருக்கும் இளையவனுக்கு இரண்டரை வயசு இருக்கும், அக்கா இடுப்பில் வந்தான்.

தொப்பி எதுவும் வைக்கவில்லை, தலைக்குத் தலை மாறினால் பேன் வரும் என்பது பழைய பாடம். முன்பக்கமாக மாட்டிக் கழற்றுகிற மாதிரி வெட்டிய சாக்கு ஏப்ரன் மட்டும். ஒன்றும் விளக்கவும் இல்லை. சாக்ஸ் போட்ட ஒரு கேரட்டை நட்டுக் காட்டிவிட்டு நான் போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் பத்து நிமிஷம் எல்லாரும் கழுவினார்கள், லாரிக்கு ஆளில்லை. பயந்துபோனேன். அப்புறம் கழுவிய கேரட் காலடியில் குவிந்து நிற்க இடம் இல்லாமல் போனதும் ஒரு பையன் "லோடு! லோடு!" என்று கத்தினான், யாரும் சொல்லாமலே இரண்டு பேர் லாரிக்குப் போனார்கள். ஒரு பெண் ஜன்னல் திட்டில் ஏறி ஏலம் கூவ ஆரம்பித்தாள், குரலும் விலையும் அசலாக இருந்தன, அவள் அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர் என்று பிறகு தெரிந்தது. மண்டி ஜன்னலுக்குப் பின்னால் விழுந்த கேரட்டைத் தோட்டத்துப் பையன்கள் எடுத்துச் சாக்ஸ் மாட்டி நட்டார்கள். சுற்று ஓடியது. நான் எழுந்து ஒன்றையும் பொறுக்கவில்லை.

தோழியின் அம்மா வேடிக்கை பார்க்க வந்தார், அவரைப் பிடித்து உட்கார வைத்து மண்டி வியாபாரி ஆக்கிவிட்டார்கள். "அம்மாச்சி, நீங்க விலை குறைச்சுக் கேக்கணும்" என்று அவருக்கு வசனமும் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு உட்கார ஓர் இடமும் ஒரு வேஷமும் வேண்டும் என்று எழுதிக்கொண்டேன், இல்லாவிட்டால் சுற்றி நின்றுகொண்டு "அதை அங்க வை, இதை இங்க வை" என்று மேய்ப்பார்கள்.

அப்புறம் நான் யோசித்தே பார்க்காத ஒன்று நடந்தது. எட்டு வயசுப் பையன் ஒருவன் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டு லாரியை நிறுத்தினான். "இ-பாஸ் இருக்கா?" 2024 மே மாதத்திலிருந்து மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்ததில் இங்கே பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டிருக்கிறது. லாரிக்காரப் பையன், "லோக்கல் வண்டிடா" என்றான். "அப்ப பிளாஸ்டிக் பாட்டில் இருக்கா, பையைக் காட்டு." தேடினான். இல்லை. அடுத்த முறை லாரி வந்தபோது, "ரோட்ல ஆனை நிக்குது, வெயிட் பண்ணு." யானை வேண்டும் என்பதால் ஒரு பெண் யானை ஆனாள். லாரி நின்றது, கேரட் தேங்கியது, மண்டியில் விலை ஏறிவிட்டதாக ஜன்னல் பெண் அறிவித்தாள். பாப்பா ஓடி வந்து, "சித்தி, இதுல மழை எங்க?" என்றாள். போய்ப் பெய் என்றேன். பெய்தாள், எல்லாரும் அலறிக்கொண்டு திண்ணைக்கு ஓடினார்கள்.

ஆசாரி அண்ணன் அந்தக் குறுக்குக் கட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு ஒரு நல்ல கீல் போட்டுக் குடுத்துடலாம்" என்றார், டேப்பை எடுத்து நீளத்தைக் குறித்துக்கொண்டார். என் வரைபடத்தில் சோதனைச்சாவடியே கிடையாது. இப்போது நடுவில் இருக்கிறது.

மதியம் எண்ணினோம். கேரட் 31, மீதி ஒன்பதும் வயிற்றுக்குள். சாக்ஸ் 38. முற்றம் முழுக்கத் தேடினோம், டிரம்முக்குள், லாரிக்குள், அம்மாச்சி மடியில். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போகட்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு லைன் வீடுகளைத் தாண்டி இறங்கினோம். வாசல்படியில் அந்த இரண்டரை வயசுக்காரன் உட்கார்ந்திருந்தான், கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, இரண்டு காலிலும் பிரவுன் சாக்ஸ், ஒன்று குதிகால் மேலே திரும்பியபடி. தானே மாட்டிக்கொண்டிருக்கிறான். பாப்பா கேட்கப் போனாள், ஆசாரி அண்ணன் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"பஸ் வந்துருச்சு" என்றார். பஸ் இன்னும் வரவில்லை.